பழைய லேம்ப் எல்காஸா, புது லேசர் டிஎல்பியா? 120 இன்ச் ஸ்க்ரீனுக்கு எந்த ப்ரொஜெக்டர் எடுக்கலாம்?

கடைசிவரிசை:

படம் பாக்குறதுக்குன்னே ஒரு ரூம் ரெடி பண்ணிட்டு இருக்கேன். ஜன்னல் கிடையாது, கதவ சாத்தினா கும்மிருட்டு. ஸ்க்ரீன் 120 இன்ச், 16:9, கெயின் (வெளிச்சத்த திருப்பி அனுப்புற அளவு) 1.0, ஃபிரேம்ல இழுத்துக் கட்டினது. உக்கார்ற இடம் ஸ்க்ரீன்லேர்ந்து மூன்றரை மீட்டர், ரூம் நீளம் அஞ்சரை மீட்டர். சவுண்டு வேலையெல்லாம் முடிஞ்சுது, ப்ரொஜெக்டர் விஷயத்துல தான் முடிவுக்கு வர முடியல.

என் பட்ஜெட்டுக்கு ரெண்டு தான் தேறுது, விலை ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணு. முதலாவது ஒருத்தர் யூஸ் பண்ணின ஜேவிசி எக்ஸ்7900, எல்காஸ் வகை (வெளிச்சத்த திருப்பி அனுப்புற திரவப்படிக பேனல்), லேம்ப் மாடல், 1080பி பேனல் மேல ஈ-ஷிஃப்ட் (பிக்ஸல லேசா நகர்த்தி கூடுதல் புள்ளி காட்டுற வித்தை), லேம்ப் 1,800 மணி நேரம் ஓடியிருக்கு. ரெண்டாவது புத்தம் புது லேசர் டிஎல்பி, 0.47 இன்ச் சிப், 4கே, பெட்டி மேல 3,000 லூமென்ஸ், லேசர் 20,000 மணி நேரம் வரும்னு போட்ருக்கு, வாரண்டியும் உண்டு.

ஸ்பெக் ஷீட்ட வச்சு பாத்தா புதுசு தான் எல்லாத்துலயும் முன்னாடி நிக்குது, ஆனா இதுல ஊறிப்போனவங்க நிறைய பேர் பழச விட மாட்டேங்கறாங்க, அது ஏன்னு எனக்கு புரியணும். நான் பாக்குறது முக்காவாசி சினிமா தான், அதுவும் ராத்திரி லைட்ட அணைச்சிட்டு. கேம் ஆடுறது இல்ல. லேம்ப் மாத்துற தொல்லை, 1080பி பேனல், ஹெச்டிஆர் (சாதாவ விட அதிக வெளிச்ச வித்தியாசத்தோட வர்ற படம்), இந்த மூணு தான் எனக்கு பயமா இருக்கு.

இருட்டறைவாசி:

ஜன்னல் இல்லாத ரூம், ராத்திரி சினிமான்னு நீங்க சொன்ன உடனே என் பதில் எக்ஸ்7900 தான். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

லேம்ப்பா லேசரான்னு எல்லாரும் கேக்குறாங்க, ஆனா அது வெளிச்சம் எங்கேர்ந்து வருதுங்கறது மட்டும் தான். படம் எப்படி இருக்கும்னு தீர்மானிக்கிறது அந்த வெளிச்சத்த தடுக்க வேண்டிய இடத்துல எவ்வளவு தடுக்குதுங்கற சிப்பு. டிஎல்பில குட்டி குட்டி கண்ணாடி திரும்பி வெளிச்சத்த லென்ஸ் பக்கம் விடும், இல்லன்னா வேற பக்கம் தள்ளும், டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ்ல லாரி ஹார்ன்பெக் 1987ல கண்டுபிடிச்ச அதே வழி தான் இன்னிக்கும். அப்படி தள்ளுற வெளிச்சம் முழுசா ஒழிஞ்சு போறது இல்ல, கண்ணாடி ஓரத்துல, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பட்டு சிதறி கொஞ்சம் லென்ஸ் வழியா வந்துடும். அதனால 0.47 சிப்போட நேட்டிவ் கான்ட்ராஸ்ட், அதாவது லேசர மங்கலாக்குற வித்தை எதுவும் இல்லாம வெள்ளை கருப்ப விட எத்தனை மடங்கு வெளிச்சம்ங்கறது, ஆயிரம் சொச்சத்துக்கு ஒண்ணுங்கற அளவுல தான் நிக்குது. எக்ஸ்7900க்கு ஜேவிசி சொல்ற நேட்டிவ் கான்ட்ராஸ்ட் 1,30,000:1. கம்பெனி சொல்றதுல பாதி தான் நம்ம வீட்ல வரும்னு வச்சுக்கிட்டா கூட எத்தனை மடங்கு வித்தியாசம்னு பாருங்க. ஸ்க்ரீன்ல வெள்ளை 60 நிட்ஸ் (திரை வெளிச்சத்த அளக்குற அலகு) இருக்குன்னா டிஎல்பில கருப்பு 0.05 நிட்ஸ் கிட்ட நிக்கும், எல்காஸ்ல 0.001க்கும் கீழ இறங்கிடும்.

இது வெறும் நம்பர் சண்டை இல்ல. இருட்டு சீன்ல கருப்பு கோட்டு போட்ட ஒரு ஆள் சுவர் ஓரமா நிக்கிறான்னு வைங்க. டிஎல்பில அந்த கோட்டு முழுக்க ஒரே சாம்பல் திட்டு, தோள் எங்க முடியுது சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. எல்காஸ்ல கோட்டோட மடிப்பு, காலர் விளிம்பு, பட்டன் மேல விழுற துளி வெளிச்சம்னு ஒவ்வொண்ணும் தனித்தனியா எடுத்து வச்ச மாதிரி நிக்கும், பின்னாடி இருக்குற சுவர் காணாமயே போயிடும். ஸ்கோப் படத்துல (16:9ஐ விட அகலமான படம்) மேலயும் கீழயும் வர்ற கருப்பு பட்டை டிஎல்பில படம் முழுக்க மங்கலா பளபளத்துக்கிட்டே இருக்கும், ஒரு தடவ கண்ணுல பட்டுடுச்சுன்னா அப்புறம் கண்ணு அங்கேயே தான் போகும்.

புது லேசர் பெட்டில 20,00,000:1ன்னு பெருசா போட்ருப்பாங்க. அது டைனமிக் கான்ட்ராஸ்ட், திரை முழுக்க கருப்பாகுறப்ப லேசரையே அணைச்சிட்டு அளந்தது. வானத்துல ஒரே ஒரு நிலா இருந்தாலும் லேசர அணைக்க முடியாது, அப்ப மறுபடி சிப்போட சொந்த கான்ட்ராஸ்ட் தான் கதி.

பிக்ஸல்பாண்டி:

கான்ட்ராஸ்ட் பத்தி இருட்டறைவாசி சொன்னது எல்லாம் சரி, அதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்ல, ஆனா டிஎல்பிய இவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்டக் கூடாது.

முதல்ல 1080பி பயம். உங்க புது டிஎல்பி சிப்ல இருக்குறதும் 1920×1080 கண்ணாடி தான் தெரியுமா. அத நாலு தடவ நகர்த்தி நகர்த்தி 83 லட்சம் புள்ளி காட்டுது, ரொம்ப வேகமா நடக்குறதால கண்ணுக்கு 4கேவா தெரியுது. எக்ஸ்7900 ரெண்டு தடவ நகர்த்துது, 41 லட்சம் சொச்சம். ரெண்டுமே 4கே சிக்னல உள்ள வாங்கிக்கும், ஹெச்டிசிபி 2.2ங்கற காப்பி தடுப்பு முறையும் உண்டு, அதனால 4கே டிஸ்க்கோ ஸ்ட்ரீமிங்கோ ஓடாதுங்கற பிரச்சனை இல்ல. 120 இன்ச்ல அகலம் 2.66 மீட்டர், அத 1,920ஆல வகுத்தா ஒரு பிக்ஸல் 1.4 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கம்மி. நல்ல பார்வை இருக்குறவங்களுக்கு அது தனியா தெரியாம போகணும்னா 4.7 மீட்டர் தள்ளி உக்காரணும். நீங்க மூன்றரைல உக்கார்றீங்க, அதனால சாதா 1080பின்னா வித்தியாசம் தெரியும், ஈ-ஷிஃப்ட் இருக்குறதால பிக்ஸல் கட்டம் தெரியாது, ஆனா சின்ன எழுத்து, துணியோட நெசவு, தூரத்து இலை இதுல எல்லாம் டிஎல்பி ஒரு படி கூர்மையா தான் இருக்கும். அதுக்கு இன்னொரு காரணம் ஒரே சிப்புங்கறது, சிவப்பு பச்சை நீலம் மூணும் ஒரே கண்ணாடிலேர்ந்து வருது. எல்காஸ்ல மூணு பேனல், மூணும் ஒண்ணு மேல ஒண்ணு மயிரிழை பிசகாம உக்காரணும், கொஞ்சம் தள்ளிப் போனாலும் வெள்ளை கோட்டோட ஓரத்துல கலர் கசியும்.

ரெண்டாவது ஹெச்டிஆர், இதுல தான் வயசு நிஜமாவே தெரியும். ஹெச்டிஆர் படத்த 1,000 நிட்ஸ், 4,000 நிட்ஸ்னு மானிட்டர் வச்சு தயாரிக்கிறாங்க, நம்ம ப்ரொஜெக்டர் 100 நிட்ஸ தொட்டாலே பெரிய விஷயம். அவ்வளவு வெளிச்சத்த இதுக்குள்ள அடக்குறது தான் டோன் மேப்பிங். ஜேவிசியோட ஃபிரேம் அடாப்ட் ஹெச்டிஆர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமா பாத்து சரி பண்றது, 2019ல அவங்களோட அடுத்த தலைமுறை நேட்டிவ் 4கே மாடலுக்கு தான் வந்துச்சு, எக்ஸ்7900ல கிடையாது. அதுல ஒரே வளைவு தான் படம் முழுக்க, ஒரு படத்துக்கு சரியா செட் பண்ணினா அடுத்த படத்துல இருட்டு சீன் எல்லாம் அமுங்கிப் போகும், இல்ல மேகம் வெளுத்துப் போகும். டிஸ்க்ல பாக்குறீங்கன்னா பானசோனிக் யூபி820 மாதிரி ஹெச்டிஆர் ஆப்டிமைசர் இருக்குற ப்ளேயர் அந்த வேலைய முன்னாடியே செஞ்சு அனுப்பிடும், அது ரொம்ப நல்ல தீர்வு. ஸ்ட்ரீமிங் பெட்டிலேர்ந்து வர்றதுக்கு அது உதவாது, அங்க எஸ்டிஆர்ல (ஹெச்டிஆர் இல்லாத சாதா முறை) வச்சு பாக்குறது தான் நிம்மதி.

கடைசியா ஒரு கேள்வி, யாரும் இன்னும் கேக்கல. ரூம் சுவர், சீலிங் என்ன கலர்?

கடைசிவரிசை:

ரெண்டு பேருக்கும் நன்றி, இவ்வளவு விவரமா எங்கயும் படிக்கல. டிஎல்பியும் 1080பி கண்ணாடி தான்ங்கறது எனக்கு புது செய்தி.

சீலிங் வெள்ளை, சுவர் க்ரீம் கலர். ஸ்க்ரீன் சீலிங்லேர்ந்து ஒரு அடி கீழ தான் ஆரம்பிக்குது. படம் நான் ஸ்ட்ரீமிங்ல பாதி, டிஸ்க்ல பாதி பாக்குறேன். வீட்ல எல்லாருமா சேர்ந்து தான் பாப்போம்.

வெண்திரை:

கலர் கேட்டது தான் சரியான கேள்வி. ரூம் இருட்டா இருக்குறதும் ரூம் கருப்பா இருக்குறதும் ஒண்ணு இல்ல. வெளிச்சமான சீன்ல ஸ்க்ரீன்லேர்ந்து கிளம்புற வெளிச்சம் வெள்ளை சீலிங்ல பட்டு திரும்ப ஸ்க்ரீன்லயே வந்து விழும், அப்ப படத்துல எங்கெல்லாம் கருப்பு இருக்கோ அங்கெல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆகிடும். அந்த மாதிரி சீன்ல 1,30,000:1 ப்ரொஜெக்டரும் ஆயிரத்துக்கு ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல வச்சா கூட பெருசா வேறுபாடு தெரியாது, ஏன் பாதி இருட்டு பாதி வெளிச்சமா இருக்குற சீன்ல டிஎல்பி தான் இன்னும் பளிச்சுன்னு தெரியும், அதுக்குள்ள வெளிச்சம் போற வழி எளிமையா இருக்குறதால பக்கத்து பக்கத்துல இருக்குற கருப்பு வெள்ளைய அது நல்லா பிரிக்கும். ஆனா முழு இருட்டு சீன்ல திரும்பி வர்ற அளவுக்கு வெளிச்சமே கிளம்புறது இல்ல, அங்க க்ரீம் சுவர் ரூம்லயும் எல்காஸ் தான் நிக்கும். அதனால ப்ரொஜெக்டர் எதுவா இருந்தாலும் ஸ்க்ரீன்லேர்ந்து முதல் ரெண்டு மீட்டர் வரைக்கும் சீலிங்லயும் ரெண்டு பக்க சுவர்லயும் கருப்பு வெல்வெட் துணியோ மேட் கருப்பு பெயிண்டோ போட்டுடுங்க. இந்த ஒரு வேலை உங்க படத்த மாத்துற அளவுக்கு எந்த மாடல் அப்கிரேடும் மாத்தாது.

இப்ப வெளிச்சக் கணக்கு. உங்க ஸ்க்ரீன் பரப்பு ஏறக்குறைய 43 சதுர அடி. ஃபிலிம் ஓட்டுற சினிமா தியேட்டருக்கான அளவு 16 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்துக்கு இன்னொரு அலகு), சுமார் 55 நிட்ஸ். கெயின் 1.0க்கு 43ஐ 16ஆல பெருக்கினா 690 லூமென்ஸ் வந்து சேரணும், அவ்வளவு தான். எக்ஸ்7900க்கு கம்பெனி சொல்றது 1,900, கலர் சரியா வச்சு, லேம்ப் பாதி வயசு ஆன நிலைல ஹை மோட்ல 900லேர்ந்து 1,000 எதிர்பாக்கலாம், லோ மோட்ல 600 சொச்சம். அதாவது சாதா படத்துக்கு லோ மோட் எல்லைல நிக்குது, ஹெச்டிஆருக்கு ஹை மோட் போட்டே ஆகணும், ஃபேன் சத்தம் கொஞ்சம் கேக்கும். அந்த டிஎல்பி 3,000ல கலர் சரியா வச்சா பாதி மிஞ்சும்னு வைங்க, அப்பவும் 1,500, ஹெச்டிஆருக்கு தாராளம். ஆனா ஒண்ணு கவனிங்க, கலர் வீல்ல (கலர மாத்தி மாத்தி விடுற சுத்துற சக்கரம்) வெள்ளைக்குன்னு தனி பட்டை இருக்குற மாடலா இருந்தா பெட்டில போட்ட லூமென்ஸ் வெள்ளைக்கு மட்டும் தான், சிவப்பும் பச்சையும் அந்த அளவுக்கு வெளிச்சமா வராது, படம் வெளிறின மாதிரி இருக்கும்.

லேம்ப் பத்தி பயப்பட ஒண்ணும் இல்ல. தினம் ரெண்டு மணி நேரம் பாத்தா வருஷத்துக்கு 730 மணி நேரம். இந்த வகை லேம்ப் மோட பொறுத்து 3,000லேர்ந்து 4,500 மணி நேரம் போகும், அதுக்கு அப்புறம் உடனே அணைஞ்சு போகும்னு அர்த்தம் இல்ல, வெளிச்சம் பாதியா குறைஞ்சிருக்கும். லேசர் 20,000ங்கறதும் அதே மாதிரி பாதியாகுற கணக்கு தான், உங்க ஓட்டத்துக்கு 27 வருஷம், அதுக்குள்ள ஹெச்டிஎம்ஐ போர்டோ ஃபேனோ தான் முதல்ல போகும். லேசரோட உண்மையான லாபம் ஆயுசு இல்ல, வெளிச்சம் மெதுவா சீரா குறையுறது. லேம்ப் முதல் சில நூறு மணி நேரத்துலயே நல்லா இறங்கிடும், அதோட கலரும் நகரும், அதனால செட்டிங்ஸ நடுநடுவுல திருத்தணும். 1,800 ஓடின லேம்ப்போட வாங்குறீங்கன்னா புது லேம்ப் விலையையும் சேத்து தான் பேரம் பேசணும். லேம்ப் கவர் ஒரிஜினல், உள்ள பல்பு டூப்ளிகேட்ன்னு நிறைய சுத்துது, விலை ரொம்ப கம்மியா இருந்தா கிட்டயே போகாதீங்க, வெடிச்சா உள்ள பேனல் பக்கம் கண்ணாடி தூள் போயிடும். லேம்ப்ல பாதரசம் இருக்கு, வெடிச்சா கதவ திறந்து வச்சிட்டு வெளிய வந்துடணும், காத்து நல்லா மாறினதுக்கு அப்புறம் தான் உள்ள போகணும், பழச குப்பைல போடாம மின்கழிவா குடுக்கணும். படம் ஓடுறப்ப கரண்ட் போயி ஃபேன் நின்னுட்டா சூடான லேம்ப்புக்கு நல்லது இல்ல, ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுடுங்க.

ராத்திரிஷோ:

வீட்ல எல்லாரும் சேர்ந்து பாப்போம்னு எழுதியிருக்கீங்க, அதனால வானவில் விஷயத்த டெஸ்ட் பண்ணாம டிஎல்பிக்கு பணம் கட்டாதீங்க. ஒரே சிப் டிஎல்பி மூணு கலரையும் ஒரே நேரத்துல காட்டுறது இல்ல, ஒண்ணு மாத்தி ஒண்ணு வேகமா காட்டும், நம்ம மூளை தான் சேத்துக்குது. சில பேர் கண்ணுக்கு அது பிரிஞ்சு தெரியும், கருப்பு பின்னணில வெள்ளை சப்டைட்டில் வர்றப்ப கண்ண அசைச்சா எழுத்துக்கு பக்கத்துல சிவப்பு பச்சை நீலம்னு ஒரு கீத்து மின்னி மறையும். உங்களுக்கு தெரியாம இருக்கலாம், உங்க பசங்களுக்கோ மனைவிக்கோ தெரியலாம், தெரிஞ்சவங்களுக்கு ஒரு படம் முழுக்க பாத்தா தலைவலி வந்துடும். எங்க வீட்ல எனக்கு ஒண்ணும் தெரியல, என் தங்கச்சிக்கு முதல் பத்து நிமிஷத்துலயே தெரிஞ்சுது, அவளால பாக்கவே முடியல.

டெமோ பாக்க போறப்ப எல்லாரையும் கூட்டிட்டு போங்க. கருப்பு திரைல வெள்ளை எழுத்து ஓடுற எண்ட் டைட்டில் போடச் சொல்லி கண்ண சட்டு சட்டுன்னு இடது வலதா திருப்பிப் பாருங்க. லேசர்னு போட்ருக்குறதால இது வராதுன்னு கடைல சொன்னா நம்பாதீங்க, லேசர் பாஸ்பர் (நீல லேசர வச்சு மத்த கலர உண்டாக்குற வகை) டிஎல்பிலயும் கலர் ஒண்ணு மாத்தி ஒண்ணு தான் வருது. மூணு கலர் லேசர் மாடல்னா இன்னொண்ணும் பாக்கணும், வெள்ளை பரப்புல மணல் தூவின மாதிரி ஒரு மினுமினுப்பு, அதுவும் ஆளுக்கு ஆள் வேற மாதிரி தெரியும்.

கடைசிவரிசை:

வெண்திரை சார், சீலிங்குக்கு கருப்பு வெல்வெட் முடிவாயிடுச்சு, வீட்லயும் சம்மதம் வாங்கியாச்சு. வானவில் டெஸ்ட்டுக்கு இந்த வாரம் எல்லாரையும் கூட்டிட்டு போறேன். 

இன்னும் ஒரு சந்தேகம். லேசரும் எல்காஸும் சேர்ந்தே வருதே, கொஞ்ச நாள் காசு சேத்து அதுக்கே போயிடலாமா, இல்ல எக்ஸ்7900 எடுக்குறதுன்னா யூஸ்டுல என்னென்ன பாக்கணும்?

இருட்டறைவாசி:

காத்திருக்க முடிஞ்சா தாராளமா காத்திருங்க, ஆனா புதுசுங்கறதுக்காக எல்லாமே கூடிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஜேவிசி 2021ல கொண்டு வந்த லேசர் மாடல்ல ஆரம்ப மாடலான என்இசட்7க்கு அவங்களே சொல்ற நேட்டிவ் கான்ட்ராஸ்ட் 40,000:1, எக்ஸ்7900ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. நேட்டிவ் 4கே பேனல்ல பிக்ஸல் சின்னதாச்சு, இடைவெளி அதிகமாச்சு, கருப்பு கொஞ்சம் குறைஞ்சுது, அத லேசர் டிம்மிங் வச்சு ஈடு கட்டுறாங்க. அதுக்கு பதிலா நல்ல கூர்மை, நல்ல ஹெச்டிஆர், ஹெச்டிஎம்ஐ 2.1 கிடைக்குது, ஹெச்டிஆர் தான் உங்களுக்கு உயிர்னா அதுக்கு போறது நியாயம். சோனி 2022ல விட்ட எக்ஸ்டபிள்யூ5000ல லேசரும் நேட்டிவ் 4கேவும் இருக்கு, ஆனா லென்ஸ் கையால தான் திருப்பணும், 3டி கிடையாது. எக்ஸ்7900ல லென்ஸ் மோட்டார் உண்டு, பின்னாடி என்னிக்காவது ஸ்கோப் ஸ்க்ரீன் போட்டா ரிமோட்ல ஒரு பட்டன் அமுக்கினா ஜூம் மாறிடும்.

யூஸ்டுல பாக்க வேண்டியது. லேம்ப் மணி நேரத்த நம்பி முடிவு பண்ணாதீங்க, லேம்ப் மாத்தினா அந்த கவுண்டர் சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும், எத்தனாவது லேம்ப்புன்னு பில்லோட கேளுங்க. குறைஞ்சது ஒரு மணி நேரம் ஓட விட்டு சூடானதுக்கு அப்புறம் தான் பாக்கணும். வெள்ளை கோடு போட்ட கட்டம் ஒண்ண திரைல போட்டு கிட்ட போயி மூணு கலரும் சேருதான்னு நடுவுலயும் நாலு மூலைலயும் பாருங்க, அரை பிக்ஸல் வரைக்கும் விலகல் இருந்தா மெனுல சரி பண்ணிடலாம். அப்புறம் முழு கருப்பு போட்டு மூலை ஏதாவது வெளுத்து தெரியுதான்னு பாருங்க, அடுத்து சாம்பல் போட்டு ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் பச்சைன்னு திட்டு இருக்கான்னு பாருங்க, திட்டு இருந்தா அது பேனல் சம்பந்தப்பட்டது, லேம்ப் மாத்தினாலும் போகாது, அந்த பீஸ விட்டுடுங்க. பழக்கமான ஒரு 4கே டிஸ்க்கும் உங்க சொந்த ஹெச்டிஎம்ஐ கேபிளும் எடுத்துட்டு போங்க, ரெண்டு போர்ட்லயும் 4கே 60 ஹெர்ட்ஸ் வருதான்னு செக் பண்ணுங்க.

பிக்ஸல்பாண்டி:

மவுண்ட் பத்தி மட்டும் நான் சேத்துடறேன். எக்ஸ்7900 லென்ஸோட த்ரோ ரேஷியோ, அதாவது தூரம் பட அகலத்துல எத்தனை மடங்குங்கறது, 1.4லேர்ந்து 2.8, உங்க 2.66 மீட்டர் அகலத்துக்கு குறைஞ்சது 3.7 மீட்டர் தள்ளி மாட்டணும், அதிகபட்சம் ஏழு மீட்டருக்கும் மேல போகும். கிட்ட மாட்டினா வெளிச்சம் அதிகம், தள்ளி மாட்டினா கான்ட்ராஸ்ட் கூடி வெளிச்சம் குறையும், ரூம் கடைசி வரைக்கும் இடம் இருக்குன்னு அங்க கொண்டு போயிடாதீங்க. வெண்திரை போட்ட கணக்குப்படி உங்களுக்கு வெளிச்சம் தான் இறுக்கம், அதனால 3.8லேர்ந்து 4 மீட்டருக்குள்ள வைங்க. அது தலைக்கு கொஞ்சம் பின்னாடி தான் வரும், ஹை மோட் ஃபேன் சத்தம் தொந்தரவா இருக்கான்னு சீலிங்ல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டாண்டுல வச்சு அதே இடத்துலேர்ந்து ஒரு முழு படம் பாத்துடுங்க. டிஎல்பின்னு முடிவானா இன்னும் கவனம், அதுல லென்ஸ் ஷிஃப்ட் (ப்ரொஜெக்டர நகர்த்தாம படத்த மட்டும் நகர்த்துறது) கொஞ்சம் தான் இருக்கும், இடம் ரெண்டு இன்ச் தப்பினாலும் கீஸ்டோன் (கோணலான படத்த டிஜிட்டலா நேராக்குறது) போட வேண்டி வரும், கீஸ்டோன் போட்டா அந்த 83 லட்சம் புள்ளியும் குழம்பிடும்.